ஸ்பீக்கர் அவுட்டில் ஹெட்போன்: நானே கட்டிய பெட்டியோடு இரண்டு வருடம்

அப்பா பதிந்து வைத்த கேசட்டுகள் வீட்டில் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலும் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் வாசித்த நாதஸ்வரம், தவில். கேசட் டெக், எஃப்எம் ரேடியோ இரண்டையும் எஸ்டிகே 4141 என்ற ஐசி வைத்த ஓர் அசெம்பிள் ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருக்கிறேன். அதில் ஹெட்போன் சாக்கெட் கிடையாது. எனக்குக் கேட்க நேரம் கிடைப்பது இரவு பத்து மணிக்கு மேல். அடுத்த அறையில் அம்மா தூங்குவார். அதனால் ஸ்பீக்கர் டெர்மினலில் இருந்தே ஹெட்போனுக்கு எடுக்க ஒரு பெட்டி கட்டினேன். இரண்டு வருடமாக ஏறக்குறைய தினமும் ஓடுகிறது.

ஹெட்போனை நேராக மாட்டக் கூடாது. இந்த ஐசி ஒரு சேனலுக்கு 25 வாட் தருவது. 8 ஓமில் 25 வாட் என்றால் சுமார் 14 வோல்ட். என் ஹெட்போன் 32 ஓம். 1 மில்லிவாட்டுக்கே நல்ல சத்தம் வரும், அதற்கு 0.18 வோல்ட் போதும். வால்யூமைக் கை தவறித் திருப்பினால் 6 வாட் வரை உள்ளே போகும், காயில் எரிந்துவிடும். எரியாவிட்டாலும் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் முழுவதும் காதில் விழும்.

முதலில் கட்டியது எளிய முறை: ஒவ்வொரு சேனலிலும் தொடராக ஒரு 330 ஓம். எழுபதுகளின் ரிசீவர்கள் பலவற்றில் ஹெட்போன் சாக்கெட்டுக்கு இப்படித்தான் ஸ்பீக்கர் லைனில் இருந்து எடுத்திருப்பார்கள். சத்தம் அளவாக வந்தது. ஆனால் தவில் கெட்டுப்போனது. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல் விழுவது சரியாகக் கேட்டது. இடப்பக்கமான தொப்பியில் கழி விழும்போது மட்டும் 'தொம்' என்று வீங்கி, அடுத்த அடி வரும்வரை இழுத்தது. கேசட் பழசு, அதனால்தான் என்று மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் அதே கேசட்டைப் போட்டபோதுதான் குறை கேசட்டில் இல்லை என்று புரிந்தது.

காரணம் இதுதான். ஹெட்போனின் எதிர்ப்பு 32 ஓம் என்பது எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக இருக்கும் எண் இல்லை. பல ஹெட்போன்களில் அடிக்குரல் பகுதியில் அது இரண்டு மடங்கு வரை ஏறும். ஓரிடத்தில் 60 ஓம் ஆகிறது என்று வையுங்கள். தொடரில் 330 ஓம் இருக்கும்போது அந்த இடத்தில் மட்டும் ஏறக்குறைய 5 டெசிபல் கூடிவிடும். அதோடு ஹெட்போனுக்குள் அதிரும் சவ்வை (டயாஃப்ரம்) பிடித்து நிறுத்தும் வலு ஆம்ப்ளிஃபயருக்கு இருக்காது.

அப்புறம் பெட்டியைப் பிரித்து மாற்றினேன். இப்போது ஒவ்வொரு சேனலிலும் தொடராக 47 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர். அதற்குப் பிறகு, ஹெட்போனுக்குக் குறுக்கே சுமார் 2.3 ஓம். 14 வோல்ட் வந்தாலும் ஹெட்போனுக்குப் போவது 0.6 வோல்ட்தான். ஹெட்போன் பக்கத்தில் இருந்து பார்த்தால் எதிர்ப்பு 2 ஓமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தொப்பி அடி விழுந்த இடத்திலேயே நின்றது. அன்று இரவு, சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரி ஒன்றையே நாலு தடவை கேட்டேன்.

இந்தக் குறுக்கு ரெசிஸ்டரில்தான் எல்லாம் இருக்கிறது. பார்க்கச் சின்னது, முழு வால்யூமிலும் அதில் கால் வாட்கூட எரியாது. அதைப் பற்றவைத்ததில்தான் நான் தவறு செய்தேன். சிமெண்ட் ரெசிஸ்டரின் தடித்த காலோடு சேர்த்து ஒரே இடத்தில் ஈயம் வைத்தேன். சூடு முழுக்கத் தடித்த கால் பக்கம் போய்விட்டது. மெல்லிய காலில் ஈயம் ஒட்டியதுபோல் தெரிந்தது, ஒட்டவில்லை. ஏழாவது மாதம் ஓர் இரவு இடப்பக்கம் மட்டும் திடீரென்று அலறியது. குறுக்கு ரெசிஸ்டர் விட்டுப்போனால் ஹெட்போனுக்குப் போகும் வோல்டேஜ் ஒன்பது மடங்கு. வால்யூம் குறைவாக இருந்ததால் ஹெட்போன் பிழைத்தது. என் காது விடியும்வரை ரீங்காரமிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஒன்றுக்குப் பதில் இரண்டு 4.7 ஓம், இணையாக. ஒவ்வொன்றின் காலையும் முறுக்கி மாட்டி, தனித்தனி இடத்தில் பற்றவைத்திருக்கிறேன். ஒன்று விட்டாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். நீங்கள் கட்டினால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

பெட்டி, கரண்ட் கடையில் கிடைக்கும் நாலு அங்குலப் பிவிசி பாக்ஸ். சாக்கெட் பி38 ஸ்டீரியோ, தடித்த ஹெட்போன் பின்னுக்கானது. பின்னின் முனை இடப்பக்கம், நடு வளையம் வலப்பக்கம், அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. ஸ்பீக்கரா ஹெட்போனா என்று மாற்ற ஓர் ஆறு பின் டாகிள் சுவிட்ச். மொத்தம் 200 ரூபாய்க்குள் முடிந்தது.

இந்த முறை எல்லா ஆம்ப்ளிஃபயருக்கும் ஒத்துவராது. ஹெட்போன் பின்னில் இரண்டு சேனலின் மைனஸும் ஒன்றாகச் சேர்கிறது. என் எஸ்டிகே போர்டில் இரண்டு மைனஸும் கிரவுண்டுதான், பிரச்சினை இல்லை. ஆனால் டிபிஏ 3116 மாதிரி இப்போது எங்கும் கிடைக்கும் கிளாஸ் டி போர்டுகள் பிரிட்ஜ் முறையில் ஓடுபவை. அவற்றின் மைனஸ் டெர்மினல் கிரவுண்டு இல்லை, அதிலும் சிக்னல் வரும். இரண்டையும் சேர்த்தால் ஐசிக்கு ஆபத்து. ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து, ஸ்பீக்கர் மைனஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரில் டிசி பாருங்கள். சப்ளையில் பாதி காட்டினால் பிரிட்ஜ் வகை; விட்டுவிடுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களும் இதை அப்படியே கட்டக் கூடாது, அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குச் சரியான லோடு எப்போதும் வேண்டும்.

இரண்டு வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது அமைதி. பாட்டு 27 டெசிபல் குறையும்போது ஆம்ப்ளிஃபயரின் ஹம்மும் இரைச்சலும் அதே அளவு குறைகின்றன. கேசட்டின் சொந்த இரைச்சல் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் வேறெதுவும் இல்லை. நாதஸ்வரத்தோடு சுருதிக்காக விடாமல் ஊதும் ஒத்து கடைசிவரை தெளிவாகக் கேட்கிறது. வால்யூமையும் இப்போது பாதிவரை வைக்கிறேன். முன்பு கொஞ்சமாகத் திருப்பும்போது ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் இருந்தது. பாதியில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

குறைகளும் உண்டு. ஆன் செய்யும்போது வரும் 'டொப்' ஹெட்போனிலும் கேட்கும், அதனால் ஐந்து நொடி கழித்துத்தான் பின்னைச் செருகுகிறேன். நண்பரின் சென்ஹைசர் எச்டி 600 வந்தபோது சத்தம் போதவில்லை. அது 300 ஓம். அந்த மாதிரி ஹெட்போனுக்கு இரண்டு 4.7 ஓமுக்குப் பதில் இரண்டு 22 ஓம் போட வேண்டும். போனில் மட்டுமே பாட்டுக் கேட்பவருக்கு இந்தப் பெட்டி தேவையே இல்லை, ஒரு டாங்கிள் போதும்.

போன மாதம் சாக்கெட்டின் உள்பட்டை தளர்ந்து வலப்பக்கம் விட்டுவிட்டு வந்தது. புதுச் சாக்கெட் போட்டேன். திறந்ததோடு குறுக்கு ரெசிஸ்டர் நாலையும் அசைத்துப் பார்த்தேன், எல்லாம் கெட்டியாக இருக்கின்றன.