சிலாக், டி.எம்.டி., லேபிள் இல்லாத முறை: புரத அளவுக்கு எதை நம்பலாம்?

ஒரு செல்லில் என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று சொல்வதில், மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக் கருவி கெட்டி. எவ்வளவு இருக்கிறது என்பதில் அவ்வளவு கெட்டி இல்லை. கருவி அளப்பது பெப்டைடுகளை, அதாவது புரதத்தை வெட்டிய துண்டுகளை. ஒரே அளவில் இருக்கும் இரண்டு பெப்டைடுகள்கூட ஒரே மாதிரி அயனியாவதில்லை. இன்று ஓட்டிய சாம்பிளை அடுத்த வாரம் ஓட்டினால் சிக்னல் மாறியிருக்கும். அதனால் மருந்து கொடுத்தபின் ஒரு புரதம் கூடியதா குறைந்ததா என்று அறிய, ஒப்பிடும் வழி ஒன்று வேண்டும். அதற்குப் போட்டியில் இருப்பவை முக்கியமாக மூன்று: அடையாளம் (லேபிள்) இடும் சிலாக், டி.எம்.டி. என்ற இரண்டு, லேபிள் இல்லாத முறை ஒன்று.

மூன்றையும் எடைபோட ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து: ஒப்பிட வேண்டிய சாம்பிள்கள் எந்தக் கட்டத்தில் ஒரே குழாயில் சேர்கின்றன? சேர்ந்தபின் நேரும் இழப்பு எல்லாச் சாம்பிளுக்கும் பொது, விகிதம் கெடாது. சேர்வதற்கு முன் நேரும் இழப்பு நேராக முடிவுக்குள் புகுந்துவிடும்.

இந்தக் கணக்கில் சிலாக்தான் முதலிடம். 2002-இல் டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் மத்தியாஸ் மானின் குழு கொண்டுவந்த முறை இது. கார்பன் 13, நைட்ரஜன் 15 ஐசோடோப்புகள் கொண்ட கனமான லைசினும் அர்ஜினினும் கலந்த ஊடகத்தில் ஒரு தரப்புச் செல்களையும், சாதாரண ஊடகத்தில் இன்னொரு தரப்பையும் வளர்க்கிறார்கள். செல்கள் ஐந்து முறை இரட்டித்தால் பழைய, லேசான புரதம் கிட்டத்தட்ட 3 சதவீதமாகக் குறைந்துவிடும். புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சின் இந்த இரண்டு அமினோ அமிலங்களுக்குப் பின்னால்தான் வெட்டும் என்பதால், ஏறக்குறைய எல்லாப் பெப்டைடிலும் அடையாளம் இருக்கும். செல்லை உடைப்பதற்கு முன்பே இரு தரப்பையும் கலந்துவிடலாம். ஆனால் வளர்க்க முடிந்த செல்லுக்குத்தான் இது நேராகப் பொருந்தும். நோயாளியின் திசுவுக்குக் கனமான லைசினை ஊட்ட முடியாது. ஒரே ஓட்டத்தில் இரண்டு, மூன்று நிலைகளைத்தான் ஒப்பிடலாம்.

டி.எம்.டி.யில் கலப்பது தாமதம்: புரதத்தை வெட்டியபின், பெப்டைடின் அமீன் முனைகளில் லேபிளை ஒட்டிய பிறகுதான். எல்லா லேபிள்களும் ஒரே நிறை. கருவிக்குள் உடையும்போதுதான் 126-இல் தொடங்கும் சிறு அயனிகளாகப் பிரிந்து, எந்தச் சாம்பிளில் எவ்வளவு என்று காட்டும். 18 சாம்பிள்களை ஒரே குழாயில் சேர்க்கலாம். திசு, ரத்தம், செல் என எதற்கும் பொருந்தும். ஒரு தொகுதிக்குள் விடுபட்ட மதிப்புகள் மிகக் குறைவு. பாஸ்போ பெப்டைடுகளை, அதாவது பாஸ்பேட் ஒட்டியவற்றை, பிரித்தெடுப்பதுபோல இழப்பு அதிகமுள்ள வேலையைக் கலந்த பிறகு செய்யலாம் என்பது பெரிய வசதி.

ஆனால் இதன் குறையைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். நாம் பார்க்க நினைக்கும் பெப்டைடோடு, நிறையில் நெருக்கமான வேறு பெப்டைடுகளும் சேர்ந்து உடைகின்றன. அவற்றின் லேபிள்களும் அதே 126, 127 என்றுதான் விழும். பெரும்பாலான புரதங்கள் மாறாமல் இருப்பதால், அந்தக் கலப்படம் விகிதத்தை 1-ஐ நோக்கி இழுக்கிறது. பத்து மடங்கு வித்தியாசம் அதைவிடச் சிறியதாகத் தெரியும். 2011-இல் ஹார்வர்டில் ஸ்டீவன் கைகியின் குழு, துண்டை இன்னொரு முறை உடைத்து அளந்தால் இது பெரிதும் சரியாகும் என்று காட்டியது. அதற்கு வசதியுள்ள விலை உயர்ந்த கருவி வேண்டும், வேகமும் குறையும். அது கைவசம் இல்லாதவர்கள் டி.எம்.டி. தரும் மடங்குக் கணக்கை அப்படியே அச்சிடக் கூடாது. கூடியதா குறைந்ததா என்ற திசையை நம்பலாம், அளவை நம்ப முடியாது.

லேபிள் இல்லாத முறையில் சாம்பிள்கள் சேர்வதே இல்லை. ஒப்பீடு கணினியில் நடக்கிறது. என் கேள்விப்படி இது கடைசி இடத்துக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது: கருவி அந்தந்த நொடியில் உயரமான சிகரங்களை மட்டும் தேர்ந்து உடைத்ததால், ஒரு சாம்பிளில் கிடைத்த பெப்டைடு இன்னொன்றில் காணாமல் போகும். 2012-இல் சூரிச்சில் ரூடி ஏபர்சோல்டின் குழு வெளியிட்ட ஸ்வாத் முறை, தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டு, நிறை வரம்பைப் பட்டைகளாகப் பிரித்து உள்ளே வருவதை எல்லாம் உடைத்தது. இந்த வகைக்கு டி.ஐ.ஏ. என்று பெயர். அப்படிக் கிடைக்கும் சிக்கலான தரவை 2020-இல் வந்த டி.ஐ.ஏ.-என்.என். போன்ற மென்பொருள்கள் நன்றாகவே பிரிக்கின்றன. லேபிள் செலவு இல்லை, சாம்பிள் எண்ணிக்கைக்கு வரம்பும் இல்லை.

சரி, எதை எடுப்பது? புதிதாகத் தொடங்கும் ஆய்வகத்துக்கு லேபிள் இல்லாத டி.ஐ.ஏ.வையே சொல்வேன். மருந்து கொடுத்தபின் நிமிடக் கணக்கில் மாறும் பாஸ்போ சமிக்ஞைகளுக்கு டி.எம்.டி.யைச் சொல்வேன். புரதம் எவ்வளவு வேகமாக உருவாகி அழிகிறது என்பதற்கு சிலாக்தான். செல்லைக் கனமான ஊடகத்துக்கு மாற்றினால் புதிய புரதம் மட்டும் கனமாகும். இப்படித்தான் 2011-இல் பெர்லினில் மத்தியாஸ் செல்பாக் குழு, எலியின் செல்களில் புரதங்களின் இடைநிலை அரை ஆயுள் 46 மணி நேரம் என்று கண்டது.

டி.ஐ.ஏ.வை எடுப்பவர்கள் முதல் சாம்பிளை ஏற்றுமுன்பே ஓட்டும் வரிசையைக் குலுக்கிவிட வேண்டும், நடுநடுவே ஒரே தரச் சோதனைச் சாம்பிளையும் ஓட்ட வேண்டும். நோயாளிகளை முதல் வாரமும் நலமாக இருப்பவர்களை அடுத்த வாரமும் ஓட்டினால், நோயால் வந்த மாற்றத்தையும் கருவியால் வந்த மாற்றத்தையும் பிறகு எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது.