‘டக்’ சத்தம் நின்றுபோனால் மகிழ வேண்டாம்: பழைய ஸ்டீரியோ ரிசீவர் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

முப்பது வயதான ஸ்டீரியோ ரிசீவரை (வானொலியும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக உள்ள செட்) பழுதுபார்க்கக் கொடுத்து, 8,600 ரூபாயையும், நல்ல நிலையில் இருந்த நான்கு டிரான்சிஸ்டர்களையும், தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கரான ஊஃபர் ஒன்றையும் நான் இழந்த விதத்தை இங்கே எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடப்போவதில்லை. புகார் நிலுவையில் இருப்பது ஒரு காரணம். இந்த வேலையை இதே விதமாகச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர் என்பது இன்னொரு காரணம்.

1995இல் என் தாய்மாமா சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்கொயரில் வாங்கி, போர்வைகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்த ஜப்பானிய ரிசீவர் அது. சேனலுக்கு 80 வாட். பின்பக்கத்தில் 110, 220, 240 வோல்ட் என்று திருப்பி வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. மாமாவின் காலத்துக்குப் பிறகு அது என் வீட்டுக்கு வந்தது. வயதான செட்டோடு குடும்பம் நடத்துவது எப்படியிருக்கும் என்பது வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வால்யூம் குமிழைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வரும். ஆண்டுக்கு ஒருமுறை கான்டாக்ட் கிளீனர் அடித்தால் அடங்கும். மின்சாரம் ஓரிரு நாள் இல்லாமல் போனால் வானொலி நிலையங்களின் நினைவு அழிந்துவிடும், மறுபடியும் 101.4 ரெயின்போவிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பதிந்து வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் நான் பழுது என்று நினைத்ததே இல்லை.

சென்ற ஐப்பசியில் இடப்பக்க ஸ்பீக்கர் அவ்வப்போது ஊமையாகத் தொடங்கியது. இரவில் ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்கும்போது இடப்பக்கம் மெல்லத் தேய்ந்து நின்றுவிடும். வால்யூமைச் சற்றுக் கூட்டினால் சட்டென்று திரும்பி வந்துவிடும். வலப்பக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. இந்த அறிகுறியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் நான் ஏமாற்றப்பட்டதற்கான முதல் சான்று இதற்குள்தான் இருந்தது. அன்று அதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சிறிய கடைக்கு ஆட்டோவில் செட்டை எடுத்துச் சென்றேன். கடைக்காரர் மூடியைக் கழற்றவில்லை. செட்டை ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, “அவுட்புட் அடிச்சிருக்கு சார். நாலு டிரான்சிஸ்டரும் போடணும். பெரிய கண்டென்சர் ரெண்டும் வயசாயிருச்சு, அதையும் போட்டுட்டா இன்னும் இருபது வருசத்துக்குத் தொடவே வேணாம்” என்றார். விசிட்டிங் கார்டின் பின்புறத்தில் கணக்கு எழுதிக் கொடுத்தார்: டிரான்சிஸ்டர் நான்குக்கு 2,600, கண்டென்சர் இரண்டுக்கு 3,000, கூலி 3,000. முன்பணமாக 3,000 ரூபாயை கூகுள் பே மூலம் அனுப்பினேன். மீதியைப் பணமாகத்தான் தர வேண்டும் என்றார். பில் கேட்கவில்லை. மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தாருங்கள் என்றும் கேட்கவில்லை. முப்பது நாள் கியாரண்டி என்று வாயால் சொன்னதைப் பெரிய உறுதியாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

எட்டு நாள் கழித்துச் செட்டு வந்தது. இரண்டு பக்கமும் தெளிவாகப் பேசின. எவ்வளவு குறைத்து வைத்தாலும் இடப்பக்கம் தேயவில்லை. மகிழ்ச்சியில் இருந்த என்னிடம் என் மகள்தான் கேட்டாள்: “அப்பா, ஆன் பண்ணதும் கொஞ்ச நேரம் கழிச்சு டக்குனு ஒரு சத்தம் வருமே, அது வரலையே?” உண்மைதான். பொத்தானை அழுத்தி நான்கைந்து விநாடி கழித்து உள்ளே ‘டக்’ என்று கேட்ட பிறகே பாட்டு வரும் என்பது முப்பது ஆண்டுப் பழக்கம். இப்போது அழுத்திய மாத்திரத்தில் ஸ்பீக்கர்களில் ‘தொம்’ என்று ஓர் அடி விழுந்து, உடனேயே பாட்டு வந்தது. கடைக்காரரைத் தொலைபேசியில் கேட்டேன். “கண்டென்சர் புதுசு சார், கரண்ட் சீக்கிரம் ஏறுது” என்றார். நானும் அதை அப்படியே மகளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

பத்தொன்பதாவது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வானொலியில் நாகஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தபோது இடப்பக்கத்தில் பட்டென்று ஒரு வெடிப்புச் சத்தம் எழுந்து, அதைத் தொடர்ந்து மாவு மில் ஓடுவதைப் போன்ற இரைச்சல் வந்தது. திரும்பிப் பார்த்தால் எட்டு அங்குல ஊஃபரின் கோன் முன்னோக்கித் துருத்திக்கொண்டு, அசையாமல் அப்படியே நின்றது. பிளக்கைப் பிடுங்குவதற்குள் வார்னிஷ் கருகும் நாற்றமும், கோனின் நடுவிலிருந்த மூடியைச் சுற்றி நூலிழை போல் புகையும் வந்துவிட்டன. இவ்வளவும் பத்து விநாடிக்குள் நடந்தவை.

அன்று மாலையே கடைக்குப் போனேன். முப்பது நாள் கியாரண்டி அப்போது ஸ்பீக்கர் மேல் குற்றமாக மாறியிருந்தது. “உங்க ஸ்பீக்கர் ஓம்ஸ் மேட்ச் ஆகலை சார். பழைய செட்டு, இன்னிக்கு ஓடும், நாளைக்குப் போகும்.” அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தி, “வேணும்னா 1,500 தர்றேன், இங்கேயே விட்டுட்டுப் போங்க” என்றார். நான் தயங்கியதற்குக் காரணம் விவேகம் அல்ல, மாமாவின் செட்டு என்ற பாசம்தான். அந்தப் பாசம் இல்லாதிருந்தால் சான்றுகள் அனைத்தையும் அவரிடமே 1,500 ரூபாய்க்கு விற்றுவிட்டு வந்திருப்பேன்.

நண்பர் ஒருவர் வழியாக, வானொலிச் சாதனங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அறிமுகமானார். அவர் சொன்ன முதல் நிபந்தனை, “நீங்க பக்கத்துல உக்காந்தாதான் திறப்பேன்” என்பது. பிளக் பிடுங்கியிருந்தாலும் பெரிய கண்டென்சர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், ஒரு ரெசிஸ்டரை வைத்து அதை வடித்துவிட்டுத்தான் உள்ளே கை வைத்தார். பிறகு டார்ச் விளக்கை ஓரிடத்தில் நிறுத்தி, “உங்க டக்கு சத்தம் இங்க இருந்துச்சு” என்றார். ரிலே, அதாவது மின்சாரத்தால் தானே இயங்கும் சிறு சுவிட்ச், இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதன் கால்கள் நுழையும் துளைகளில் இரண்டு துண்டு வயரை வைத்து, ஈயத்தைக் கொட்டிப் பற்றவைத்திருந்தார்கள்.

அந்த ரிலேயின் வேலையை அவர் விளக்கியபோதுதான் நடந்தது முழுவதும் புரிந்தது. செட்டை இயக்கியதும் உள்ளே மின்னழுத்தம் நிலைபெறும் வரை ஸ்பீக்கர்களைத் துண்டித்து வைத்திருப்பதும், ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் நேர்மின்சாரம் (டி.சி.) தலைகாட்டினால் அந்தக் கணமே ஸ்பீக்கர்களைக் கழற்றிவிடுவதும் அதன் பணி. அதற்குள் இருக்கும் தொடுமுனைகள் ஆண்டுக்கணக்கில் கருத்துப்போகும். ஒலி குறைவாக இருக்கும்போது, அந்தக் கருமைப் படலத்தைத் தாண்டிச் செல்லும் வலு மின்னோட்டத்துக்கு இருக்காது. வால்யூமைக் கூட்டினால் படலத்தை உடைத்துக்கொண்டு போய்விடும். இடப்பக்கம் தேய்ந்ததும் திரும்பி வந்ததும் இதனால்தான். ஸ்பீக்கர் ஏ, பி என்று தேர்ந்தெடுக்கும் பொத்தானும், டேப் மானிட்டர் பொத்தானும் அழுக்கேறினாலும் இதே அறிகுறி தோன்றுமாம். 24 வோல்ட் ரிலே புதிதாகவே 200 ரூபாய்க்குள் கிடைக்கிறது. மாறாக, அவுட்புட் டிரான்சிஸ்டர் உண்மையிலேயே ஷார்ட் ஆகியிருந்தால், பாதுகாப்புச் சுற்று ரிலேயைச் சேரவே விட்டிருக்காது. ‘டக்’ என்ற சத்தமே கேட்டிருக்காது, இரண்டு பக்கமும் ஊமையாகியிருக்கும். அதாவது, நான் செட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தபோது நான்கு டிரான்சிஸ்டர்களும் நலமாகத்தான் இருந்தன.

இருந்தும் அவை மாற்றப்பட்டிருந்தன. இருந்த இடத்தில் சி5200, ஏ1943 என்று அச்சிட்ட டிரான்சிஸ்டர்கள் இருந்தன. தோஷிபா தயாரித்த உண்மையான அந்த எண்கள் 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் தாங்கக்கூடியவை; அதிகமாகப் போலி செய்யப்படுகிறவற்றில் அவையும் உண்டு. பெரியவர் பஞ்சில் தின்னரைத் தோய்த்து ஒன்றின் மேல் துடைத்தார். எழுத்து மையாகக் கரைந்து வந்தது. அந்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது, பழைய அசல் பாகங்கள் சிலவற்றிலும் மை அச்சு உண்டு என்று சொல்லிவிட்டு, எரிந்துபோன டிரான்சிஸ்டரை வைஸில் பிடித்து இடுக்கியால் உடைத்துக் காட்டினார். செம்புத் தகட்டின் மேல் இருந்த சிலிக்கான் துண்டு எள்ளை விடச் சற்றே பெரியது. 15 ஆம்பியர் தாங்க வேண்டிய சில்லு குறைந்தது சிறுவிரல் நகத்தில் பாதியாவது இருக்க வேண்டும் என்றார்.

புதிய டிரான்சிஸ்டர் போட்டால் சும்மா ஓடும்போது பாயும் மின்னோட்டத்தை மீட்டர் வைத்துச் சரிசெய்ய வேண்டும். அதற்கான சிறிய திருகின் மேல் தொழிற்சாலையில் வைத்த பச்சை மெழுகு உடையாமல் அப்படியே இருந்தது. டிரான்சிஸ்டருக்கும், அதன் சூட்டை வாங்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்குக்கும் நடுவே மின்சாரம் பாயாமல் தடுக்கும் மைக்கா ஷீட் ஒன்று கிழிந்திருந்தது. 3,000 ரூபாய்க்கு மாற்றப்பட்டதாகச் சொன்ன பெரிய கண்டென்சர்கள் 1995இல் இருந்தவையேதான். அடியிலிருந்த பழைய பசை கூட அசையவில்லை. சோதித்துப் பார்த்ததில் அவை நல்ல நிலையில் இருப்பதும் தெரிந்தது. எல்லாவற்றையும் விட எனக்கு அச்சமூட்டியது இன்னொன்று: மின்வழங்கியின் இரண்டு பியூஸ்களில் ஒன்றின் கண்ணாடிக் குழாயைச் சுற்றி, வீட்டு வயரிலிருந்து உரித்த செம்பு இழையைக் கட்டியிருந்தார்கள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போலி டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனதும் சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் நேராக ஊஃபருக்குப் போயிருக்கிறது. 8 ஓம் ஊஃபரின் காயிலுக்கு நேர்மின்சாரத்தில் உள்ள தடை ஏறத்தாழ 6 ஓம். அப்படியானால் 8 ஆம்பியர் வரை. வெப்பமாக 300 வாட்டுக்கும் மேல், இமை முடியை விடச் சற்றே தடித்த கம்பியில். ரிலே இருந்திருந்தால் கண் இமைப்பதற்குள் துண்டித்திருக்கும். பியூஸாவது இருந்திருந்தால் சில நொடிகளுக்குள் போயிருக்கும். இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் எனக்கு “இருபது வருசம்” என்று உறுதி கொடுத்திருக்கிறார். நான் பக்கத்தில் இல்லாமல் கடைக்குப் போயிருந்தால் ஸ்பீக்கர் பெட்டியின் துணி தீப்பிடித்திருக்கவும் கூடும்.

செட்டைக் கொடுப்பதற்கு முன் வீட்டில் செய்திருக்க வேண்டியவை ஐந்து நிமிட வேலைதான். செட்டை அணைத்துவிட்டு இடப்பக்க, வலப்பக்க ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றிப் போட்டு இயக்கினால், ஊமையான பக்கமும் மாறுகிறதா என்று தெரிந்துவிடும். மாறினால் குறை செட்டில், மாறாவிட்டால் ஸ்பீக்கரில் அல்லது அதன் வயரில். ஸ்பீக்கர் தேர்வுப் பொத்தானை இருபது முறை அழுத்தி விட்டால் சில சமயம் அதிலேயே தீர்ந்துவிடும். கடையில் மூடியைக் கண் முன்னால் திறக்கச் சொல்லி, உள்ளே கைபேசியில் நான்கு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சம்மதிக்காத கடையில் செட்டை விடவே கூடாது. ஹீட் சிங்க்கில் உள்ள டிரான்சிஸ்டர்களின் ஓரத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள் என்று பெரியவர் சொன்னார். திரும்பி வந்த செட்டை ஸ்பீக்கரோடு இணைப்பதற்கு முன்னால், மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் நேர்மின்சாரத்தை அளந்து பார்க்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் இருந்தால் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். முன்பு இருந்த ‘டக்’ சத்தம் காணாமல் போயிருந்தால் அளக்கவே வேண்டாம், அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

செட்டு இப்போது ஓடுகிறது. அசல் டிரான்சிஸ்டர்களைப் பெரியவர் அங்கீகாரம் பெற்ற இணைய விநியோகஸ்தரிடம் வரவழைத்தார். அவற்றோடு கருகிப்போனவற்றுக்குப் பதிலாக டிரைவர் டிரான்சிஸ்டர்கள், ரெசிஸ்டர்கள், ரிலே, பியூஸ், அவருடைய கூலி எல்லாம் சேர்த்து 5,400 ரூபாய். ஊஃபருக்குக் காயிலும் கோனும் மாற்ற 1,800. முதல் முறை இயக்கும்போது, 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் மாட்டிய சீரிஸ் போர்டு வழியாகத்தான் மின்சாரம் கொடுத்தார். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கியதும், “இனிமே நேரா சொருகலாம்” என்றார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டுப் போனபோது, “அந்தச் செட்டை நான் பார்த்ததே இல்லை” என்று கடைக்காரர் கைவிரித்தார். பில் தராததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை என்பதை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசியபோதுதான் அறிந்தேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். நானே எழுதித் தாக்கல் செய்துவிட்டேன். கூகுள் பே ரசீது, அவர் கையெழுத்திலுள்ள விசிட்டிங் கார்டு, உடைத்த டிரான்சிஸ்டர் ஆகியவற்றோடு இன்னொன்றும் இணைத்திருக்கிறேன். 2017இல் தூசி தட்டுவதற்காக மூடியைத் திறந்தபோது, திருகுகளின் இடம் மறந்துவிடக்கூடாது என்று என் மகள் எடுத்துவைத்த படம் அது. ஹீட் சிங்க்கின் மேல் சாங்கென் நிறுவனத்தின் நான்கு டிரான்சிஸ்டர்களும், அவற்றின் எண்களும், பக்கத்தில் ரிலேயும் அதில் தெளிவாகத் தெரிகின்றன.