ஹாலோவீன் வாழ்த்து அட்டை: கடிக்கும் வாயா, எழும்பும் பேயா, இழுக்கும் பட்டையா?

அக்டோபர் 31க்குக் கையால் அட்டை செய்ய இந்த மூன்று வழிகளில் என் ஓட்டு கடிக்கும் வாய்க்குத்தான். மூன்றுக்கும் ஏ4 தாள், 160 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) போதும். பாதியாக மடித்தால் ஏ5; சி5 உறைக்குள் போகும். பெரும்பாலான ஏ4 தாளில் நார் நீளவாக்கில் ஓடுவதால் நடு மடிப்பு அதைக் குறுக்கே உடைக்கும். மை தீர்ந்த பேனாவால் கோடு அழுத்திவிட்டு மடித்தால் விளிம்பு பிளக்காது.

இழுக்கும் பட்டையில் கல்லறைக்குப் பின்னாலிருந்து எலும்புக்கூடு மேலே வரும். பார்க்க அழகுதான். பட்டை நுழையும் பிளவு பட்டையைவிட 1 மி.மீ. அகலமாக இருக்க வேண்டும், ஓரத்தில் துளி பசை கசிந்தாலும் பட்டை நின்றுவிடும்.

எழும்பும் பேய்க்கு மடிப்பிலிருந்து இரண்டு இணை வெட்டு போட்டு, நடுப்பட்டையை உள்பக்கம் தள்ளி, அந்தப் பெட்டியின் முன்முகத்தில் பேயை ஒட்டுகிறோம். சிக்கல் அட்டையை மூடும்போது வருகிறது. வெட்டு 4 செ.மீ., பேய் 10 செ.மீ. என்றால் பேயின் தலை மடிப்பிலிருந்து 14 செ.மீ. தள்ளிப் படுக்கும். ஏ5 பக்கம் 14.8 தான். அரை செ.மீ. கூடினாலே தலை ஓரத்தை நெருங்கிவிடும், ஒரு செ.மீ. கூடினால் வெளியே நீட்டி, உறைக்குள் போகும்போதே மடங்கிவிடலாம்.

வாய்க்கு இந்தக் கணக்கே வேண்டாம். மடித்த தாளில், மடிப்பின் நடுவிலிருந்து மடிப்புக்குச் செங்குத்தாக 4 செ.மீ. ஒரே வெட்டு. அதன் இரு பக்கமும் 45 பாகையில் முக்கோணமாக மடியுங்கள். முன்னும் பின்னும் இரண்டு தடவை அழுத்தி, அட்டையைத் திறந்து உதடுகளை உள்ளே தள்ளுங்கள். மூடிய நிலையில் உதட்டு நுனி மடிப்பிலிருந்து 4 செ.மீ.க்குள் அடங்கும், எதுவும் வெளியே வராது. அட்டை மூடியிருக்கையில் வாய் விரியத் திறந்திருக்கும், திறக்கத் திறக்க மூடும். பிரிப்பவர் விரலுக்குப் பக்கத்தில் கடிக்க வருவது போலவே இருக்கும். அட்டையை மெல்ல மூடித் திறந்தால் மென்று தின்னும்.

இரண்டு இடத்தில் கவனம். பல்லை மேலுதட்டின் உள்பக்கம் மட்டும் ஒட்டுங்கள், 1 செ.மீ.க்குள். கீழேயும் ஒட்டினால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். வெளி அட்டையாகச் சிவப்புத் தாளை ஒட்டினால் வாயின் உள்பக்கம் தானாகச் சிவந்துவிடும், ஆனால் வாயைச் சுற்றி 1 செ.மீ.க்குப் பசை போகக்கூடாது. ஒட்டிப்போன உதடு அசையாது. க்ளூ ஸ்டிக் போதும், தண்ணீர்ப்பசை தாளை நெளித்துவிடும்.

அட்டையை முழுசாகத் தட்டையாக விரிக்காதீர்கள். அப்போது உதடு எதிர்ப்பக்கம் திரும்பிவிடலாம். திரும்பினால் விரலால் உள்ளே தள்ளி மறுபடி மூடினால் சரியாகிவிடும்.