கோசியும் மஞ்சள் ஆறும்: ஒரே மருந்து இரண்டுக்கும் ஏன் பிடிக்கவில்லை

நேபாளத்திலிருந்து பிகாருக்குள் இறங்கும் கோசி ஆற்றைப் ‘பிகாரின் துயரம்’ என்பார்கள், மஞ்சள் ஆற்றைச் ‘சீனாவின் துயரம்’. பட்டப்பெயர் ஒன்றுபோல இருப்பதால் நோயும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவது எளிது. 1954-ல் இந்தியப் பொறியாளர்கள் கன்வர் செயினும் கே.எல். ராவும் சீனாவுக்குப் போய் மஞ்சள் ஆற்றின் கரைகளைப் பார்த்துவந்தார்கள். கோசிக்கும் இருபுறம் கரை கட்டலாம் என்ற தரப்புக்கு அவர்களின் அறிக்கை வலுச் சேர்த்தது. அதற்கு 17 ஆண்டுகள் முன்பே, 1937 நவம்பரில் பாட்னாவில் நடந்த வெள்ள மாநாட்டில், பிகாரின் தலைமைப் பொறியாளர் கேப்டன் ஹால் கரைகளே வேண்டாம் என்று வாதிட்டிருந்தார். அவர் பேச்சு எடுபடவில்லை.

கரையின் உயரம், அகலம், கட்டிய விதம் இவற்றை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு ஆறும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். கரைக்குள் வருகிற மண்ணைப் பார்த்தால்தான் வேற்றுமை பிடிபடும்.

மண்: அளவா, பருமனா?

மஞ்சள் ஆற்றுக்கு நிறம் கொடுப்பது லோயஸ் பீடபூமி. பாலைவனப் பக்கமிருந்து காற்று லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய காற்றடி வண்டல் அங்கே பல இடங்களில் 100 முதல் 200 மீட்டர் தடிமனில் கிடக்கிறது. துகள் பெரும்பாலும் 0.01 முதல் 0.05 மில்லிமீட்டர். ஈர விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் மாவுபோல வழுக்கும், மணலின் நறநறப்பு இருக்காது. காய்ந்த நிலையில் செங்குத்துச் சுவராக நிற்கும். யாவோடோங் என்ற குகை வீடுகளை அதில் குடைந்துதான் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். அதே சுவரில் கோடை மழை ஓங்கி அடித்தால் சர்க்கரைக் கட்டிபோலக் கரைந்து ஓடிவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அளந்தபோது அந்த ஆறு ஆண்டுக்கு 160 கோடி டன் மண் சுமந்தது. சராசரியாக ஒரு கன மீட்டர் நீரில் 35 கிலோ. 15 லிட்டர் குடத்தில் மொண்டு வைத்தால் அடியில் அரைக் கிலோ சேறு தங்கும்.

கோசி ஆண்டுக்குச் சுமப்பது 10 கோடி டன் வரிசையில்தான். நீரோ ஏறக்குறைய 5,000 கோடி கன மீட்டர். அதே குடத்தில் 30 கிராம் தங்கினால் அதிகம். எண்களை மட்டும் பார்ப்பவர், கோசியை அடக்குவது பத்தில் ஒரு பங்கு வேலை என்றுகூடச் சொல்லிவிடுவார்.

ஆனால் கோசியின் மண் வேறு ஜாதி. எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா இரண்டின் நீரையும் வாங்கிக்கொண்டு சுன் கோசி, அருண், தமூர் மூன்றும் திரிவேணியில் ஒன்றுகூடி, சத்ரா என்ற இடத்தில் மலையை விட்டு வெளியே வருகின்றன. வெளியே வந்த உடனே பாறாங்கற்களும் கூழாங்கற்களும் விழுந்துவிடும். அதற்குக் கீழே பிகார் எல்லையைத் தாண்டி வெகுதூரம் மணல்தான்.

மணலுக்கும் வண்டலுக்கும் உள்ள தூரத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். அசையாத நீரில் 0.03 மி.மீ. வண்டல் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இருபது நிமிடம் ஆகும். 0.3 மி.மீ. மணல் துகளுக்கு அரை நிமிடம்கூட வேண்டாம். விட்டம் பத்து மடங்கு கூடினால், விழும் வேகம் ஏறக்குறைய ஐம்பது மடங்கு கூடுகிறது. லோயஸை ஓட்டத்தில் தூக்கி வைத்துக்கொள்ளவும், ஒருமுறை படிந்ததை மறுபடி கிளப்பவும் ஓரளவு வேகம் போதும். கோசியின் மணலைத் தொடர்ந்து நகர்த்த நல்ல சரிவு வேண்டும். அந்தச் சரிவுதான் சமவெளியில் இல்லை: சத்ராவுக்குக் கீழே கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் தொடங்கி, கங்கையை நெருங்கும்போது பத்து சென்டிமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே மணல் பாதி வழியிலேயே தங்குகிறது.

தரை: வரப்பா, விசிறியா?

மஞ்சள் ஆறு தன் கடைசி 780 கிலோமீட்டரில் வரப்பின்மேல் ஓடும் வாய்க்கால் மாதிரி. படிந்த மண்ணால் அடிமட்டம் உயர, மனிதர்கள் கரையை உயர்த்த, மறுபடி அடிமட்டம் உயர, இப்படியே நூற்றாண்டுகளாகப் போட்டி நடந்து, கைஃபெங் நகரருகே ஆற்றின் படுகை ஊர்த் தரையைவிட 7 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. சீனர்கள் இதைத் ‘தொங்கும் ஆறு’ என்கிறார்கள். இதன் விளைவு விசித்திரமானது: அந்தப் பகுதியில் ஆறே நீர்ப்பிரிமுகடு. வடகரைக்கு வெளியே பெய்யும் மழை ஹை ஆற்றுக்கும், தென்கரைக்கு வெளியே பெய்வது ஹுவாய் ஆற்றுக்கும் போகும். மஞ்சள் ஆற்றுக்குள் இறங்க வழியில்லை. உடைப்பெடுத்தால் வெளியே போன நீர் திரும்பி வராததும் இதனால்தான்.

கோசி கட்டியிருப்பது வரப்பல்ல, விசிறி. சத்ரா காம்பு, அங்கிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் நீளத்தில், ஏறக்குறைய அதே அகலத்தில், கங்கைவரை விரிந்து கிடக்கிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். இப்படிப்பட்ட தரையில் ஆறு எந்தப் பக்கமும் சாயலாம். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பூர்ணியா பக்கம் ஓடிய ஆறு, அடுத்த இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் 110 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்தது. விட்டுப்போன ஒவ்வொரு தடமும் ‘தார்’ என்ற பெயரில் இன்னும் வயல்களுக்கு நடுவே பள்ளமாக இருக்கிறது. கோடையில் அதில் உழுவார்கள்; மழையில் அது ஓடை.

இடம்பெயரும் தூரத்தில் மஞ்சள் ஆறு கோசியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். 12-ஆம் நூற்றாண்டில் தெற்கே திரும்பி ஹுவாய் ஆற்றின் வழியைப் பிடித்தது. 1855-ல் மறுபடி வடக்கே தாவி போஹாய் கடலில் விழுந்தது. இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவில் ஷாண்டோங் தீபகற்பமே இருக்கிறது. 1938 ஜூனில் ஜப்பானியப் படையைத் தடுக்கச் சீன ராணுவமே ஹுவாயுவான்கோவில் கரையை உடைத்தது; அதை அடைத்து ஆற்றைத் திருப்ப 1947 ஆயிற்று.

உடைப்பு எப்படி நடக்கிறது

கரை உடைப்பு என்றதும் கரையின் தலைக்கு மேல் வழிந்தோடும் வெள்ளம்தான் நினைவுக்கு வரும். 2008 ஆகஸ்ட் 18-ல் நேபாளத்தின் குசஹாவில் கோசி உடைத்தபோது ஆற்றில் இருந்தது வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடி அளவு. கரையோ ஒன்பது லட்சத்துக்கும் மேல் தாங்கும் என்று வடிவமைக்கப்பட்டது. ஆறில் ஒரு பங்கு நீருக்கே கரை போய்விட்டது.

காரணம் உயரக் குறைவல்ல. கோசியின் குறுக்கே உள்ள தடுப்பணைக்கு மேலே நடு ஆற்றில் மணல் திட்டுகள் வளர்ந்து, முதன்மை ஓட்டம் கிழக்குக் கரையோரமாக ஒதுங்கியது. ஓட்டத்தைத் தள்ளிவிட ஆற்றுக்குள் நீட்டிக் கட்டியிருந்த ஸ்பர்களின் மூக்கை நீர் ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்தே அரித்தது. மூக்கு போனபின் ஓட்டம் நேராகக் கரையின் அடியில் மோதியது. கரைக்கு உள்ளே படுகை உயரம், வெளியே தரை தாழ்வு. ஒரு வாய் திறந்ததும் ஆறு பெரும்பகுதி அதற்குள் இறங்கி, பழைய தடங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஓடியது. சுபௌல், மாதேபுரா, அராரியா என்று பிகாரில் மட்டும் முப்பது லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். ஐம்பது ஆண்டுகளாகக் ‘கரையால் காக்கப்பட்ட’ ஊர்கள் அவை. வெள்ளம் மறந்துபோன ஊரில் படகுகூட இருக்காது.

மஞ்சள் ஆற்றிலும் ஓட்டம் ஒதுங்கிக் கரையடியை அரிப்பது உண்டு. அதற்கு மேல் கோசிக்கு இல்லாத ஒரு தொல்லையும் உண்டு: பனிக்கட்டி அடைப்பு. ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஏறும் பகுதிகளில் மேல்பக்கம் முதலில் உருகும். கீழ்ப்பக்கம் இன்னும் உறைந்திருக்க, மிதந்துவரும் கட்டிகள் குவிந்து அணைபோல நிற்கும்.

மருந்துகள்

மிங் காலத்தில் ஆற்றைக் கவனித்த பான் ஜிசுன் (1521–1595) சொன்ன வழி, கரையை நெருக்கி ஓட்டத்தை வேகப்படுத்து, நீரே மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோகும் என்பது. துகள் நுண்மையாக இருந்தால் இது ஓரளவு நடக்கும். முழுமையாக நடக்காது என்பதற்குத் தொங்கும் ஆறே சாட்சி.

அதே எண்ணத்துக்கு இன்று சியாவோலாங்டி அணை பலம் கொடுக்கிறது. மொத்தக் கொள்ளளவு 1,265 கோடி கன மீட்டர். அதில் 755 கோடி வண்டலுக்கென்றே ஒதுக்கியது. கொள்ளளவில் பாதிக்கு மேல் சேற்றுக்கு எழுதிவைத்துவிட்டுக் கட்டிய அணை என்பதைக் கவனியுங்கள். 2002 முதல், வெள்ளப் பருவம் தொடங்குமுன் தேங்கிய நீரை ஒரே வீச்சில் திறந்து கீழ்ப்படுகையை அரிக்க விடுகிறார்கள். பிறகு மேலே உள்ள அணைகளிலிருந்தும் நீரைத் தள்ளி, நீர்த்தேக்கத்தின் அடியில் கனத்த சேற்றோட்டம் ஒன்றை உண்டாக்கி, தாழ்வான சுரங்க மதகுகள் வழியே வெளியேற்றுகிறார்கள். 2002-ல் வினாடிக்கு 1,800 கன மீட்டருக்கே நிரம்பி வழிந்த கீழ்த்தடம், இப்போது 4,000-க்கு மேல் தாங்குகிறது.

இந்தப் பாடம் சும்மா வரவில்லை. 1960-ல் நீர் தேக்கிய சான்மென்சியா அணையில் ஒன்றரை ஆண்டில் 150 கோடி டன் மண் தங்கியது. மேலே தோங்குவானில் படுகை 4.5 மீட்டர் அளவுக்கு உயர்ந்து, அங்கே வந்து கலக்கும் வெய் ஆற்றில் நீர் எதிர்த்து ஏறியது. அடைத்துவைத்த அடிமதகுகளைத் திறந்து, புதுச் சுரங்கங்கள் குடைந்து, ‘தெளிந்ததைத் தேக்கு, கலங்கியதை விடு’ என்ற விதிக்கு மாறிய பிறகுதான் அணை பிழைத்தது.

கோசிக்கு நேபாளத்தின் பராஹக்ஷேத்ராவில் உயரமான அணை என்ற திட்டம் 1940-களின் பிற்பகுதியிலிருந்து மேசையில் இருக்கிறது; பிந்தைய திட்டத்தில் உயரம் 269 மீட்டர். அங்கே சியாவோலாங்டி உத்தி செல்லுபடியாகாது. மணலும் கூழாங்கல்லும் சேற்றோட்டமாக அணையின் அடிவரை வராது. தேக்கத்தின் தலைப்பிலேயே திட்டாகக் குவியும். அதைக் கழுவ வேண்டுமென்றால் நீர்மட்டத்தை ஆற்று மட்டம்வரை இறக்க வேண்டும். அவ்வளவு உயரமான, மின்சாரம் எடுக்கும் அணையில் அதை யார் ஒப்புக்கொள்வார்கள்? 1934 ஜனவரியில் வடபிகாரையும் நேபாளத்தையும் குலுக்கிய நிலநடுக்கப் பட்டையில்தான் அந்த இடமும் இருக்கிறது.

சீனாவுக்கு உண்மையில் கைகொடுத்தது கரையுமல்ல, அணையுமல்ல. ஊற்றிடத்தில் நடந்த வேலை. 1970-களிலிருந்து படிக்கட்டு வயல்களும் ஓடைத் தடுப்புகளும் பெருகின. 1999-ல் சரிவு நிலங்களைப் பயிரிலிருந்து விடுவித்து மரமும் புல்லும் வளர்க்கும் திட்டம் வந்தது. 160 கோடி டன் இருந்த இடத்தில் இந்த நூற்றாண்டில் 20–30 கோடி டன் அளவே வருகிறது. அதற்கும் ஒரு விலை உண்டு. மண் குறைந்ததால் முகத்துவாரத்தில் வளர்ந்துகொண்டே வந்த கழிமுகம் சில பக்கங்களில் கடலுக்கு இரையாகிறது.

இமயத்தில் அந்த வேலை அதே பலன் தராது. அங்கே மண்ணை இறக்குவது உழவு அல்ல, மலையே எழும்பிக்கொண்டும் சரிந்துகொண்டும் இருப்பதுதான். 2014 ஆகஸ்ட் 2-ல் ஜூரே என்ற இடத்தில் சரிந்த ஒரே மலைச்சரிவு சுன் கோசியை அடைத்து ஏரியாக்கியது. பிகாரில் ஊர்களைக் காலி செய்தார்கள். அத்தனை ஆழத்திலிருந்து பெயரும் சரிவை மரத்தின் வேர் பிடித்து நிறுத்தாது.

கரைக்கு உள்ளே இருப்பவர்கள்

இரண்டு ஆற்றிலும் கரைகள் ஒட்டி நிற்பதில்லை. பல கிலோமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில் மனிதர்கள் இருக்கிறார்கள். கோசிக் கரைகளுக்குள் முந்நூறுக்கு மேற்பட்ட கிராமங்கள். மஞ்சள் ஆற்றுக் கரைகளுக்குள் பத்து லட்சத்தைத் தாண்டியவர்கள். சீனா அவர்களை மேட்டுக் குடியிருப்புகளுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது. பிகாரில் மழைக்காலம் வந்தால் கரைமேல் தார்ப்பாய்க் குடிசைதான்.

கரைக்கு வெளியே இருப்பவர்கள் நிம்மதியாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. 1950-களின் தொடக்கத்தில் பிகாரில் மொத்தக் கரை நீளம் 160 கிலோமீட்டர். வெள்ள அபாயப் பரப்பு 25 லட்சம் ஹெக்டேர். 1990-களில் கரை 3,400 கிலோமீட்டரைத் தாண்டியபோது அபாயப் பரப்பு 68 லட்சம் ஹெக்டேருக்கு மேல். மழைநீர் ஆற்றுக்குள் வடியக் கரை வழிவிடாததும் இதில் ஒரு பங்கு.

கோசிக்கு எது பொருந்தும் என்றால், விசிறியை விசிறியாகவே நடத்துவதுதான் என் தேர்வு: பழைய தார்களில் சிலவற்றைத் தூர்வாரி, மதகு வைத்து, வெள்ளத்தில் ஒரு பங்கைத் தெரிந்தே பிரித்து விடுவது. மணலும் ஒரே தடத்தில் குவியாமல் பரவும். தார்களில் வீடும் சாலையும் ஏறிவிட்டதால் இது எளிதல்ல. பாலத்தின் கண்களை அகலப்படுத்தாமல் தொடங்கினால் புது உடைப்பாகிவிடும்.

2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த கோசி–மேச்சி இணைப்பை இதற்குப் பதிலாகச் சிலர் காட்டுகிறார்கள். அது கோசி நீரைக் கிழக்கே மேச்சி ஆறுவரை கொண்டுபோகும் பாசனக் கால்வாய். விரிவுபடுத்திய பின்னும் தலைப்பில் அது வாங்குவது வினாடிக்கு 20,000 கன அடியைச் சுற்றித்தான். 2024 செப்டம்பர் 28-ல் 56 மதகுகளையும் திறந்துவிட்டுக் கோசித் தடுப்பணை கீழே அனுப்பியது 6.61 லட்சம் கன அடி.