வண்டியிலேயே குடியிருப்பதா, வீட்டுச் சாவியோடு போய் வருவதா?

பாளையங்கோட்டையில் எங்கள் அண்ணன் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு டெம்போ டிராவலர் நிற்கிறது. உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை, கூரையில் சோலார் தகடு எல்லாம் உண்டு. ஓய்வு பெற்ற கையோடு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அண்ணனும் மதினியும் அதில் இந்தியாவைச் சுற்றக் கிளம்பினார்கள். திட்டம் மூன்று வருடம். பதினான்காம் மாதமே திரும்பி விட்டார்கள். வண்டி பழுதில்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை, பணமும் தீரவில்லை. "சலிச்சுப் போச்சுலே" என்றார் அண்ணன். குடியிருந்தவர்களைத் திடீரென்று காலி செய்யச் சொல்ல மனமில்லாமல் இரண்டு மாதம் என் வீட்டு மாடியில் இருந்தார்கள். அது தனிக்கதை.

நான் அவர்களோடு இரண்டு தடவையாக ஆறு வாரம் வண்டியில் இருந்திருக்கிறேன். எனக்கு வேறு பழக்கம்: ரயிலில் போய் ஓர் ஊரில் அறை எடுத்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் இருந்துவிட்டு வருவது. இரண்டையும் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

வண்டியின் சுகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பருவத்தைத் துரத்திக்கொண்டே போகலாம். மார்கழியில் கட்ச் உப்புவெளி, சித்திரை வெயிலில் நெல்லை காயும்போது இமாச்சல். 2020-ல் அடல் சுரங்கம் திறந்த பிறகு ரோதங் கணவாய் ஏறாமலே, ஒன்பது கிலோமீட்டர் இருட்டைக் கடந்தால் லாஹௌல் பள்ளத்தாக்கு. பிடித்த இடத்தில் நிறுத்தலாம். வழியில் ஒரு கிராமத்துச் சந்தையைப் பார்த்ததும் இறங்கி அரை நாள் சுற்றினோம். ரயிலில் அந்த ஊர் ஜன்னலில் வந்து ஜன்னலிலேயே போயிருக்கும்.

ஆனால் ஊர் மாறுகிறதே தவிர, காலை மாறுவதில்லை. எழுந்ததும் தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நூறு லிட்டர் இரண்டு பேருக்கு இரண்டு நாள் தாங்கினால் பெரிது. கழிப்பறைப் பெட்டியைக் கொட்ட இடம் தேட வேண்டும். வெளிநாடுகளில் இருப்பதுபோல் இதற்கென்று கட்டிய முகாம்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. பெட்ரோல் பங்கில் போய்க் கையைப் பிசைந்துகொண்டு கேட்பதுதான் வழி. இரவு எங்கே நிறுத்துவது என்ற யோசனை மூன்று மணிக்கே தொடங்கிவிடும். முதல் இரண்டு மாதம் இதெல்லாம் விளையாட்டு மாதிரி இருந்ததாம். அப்புறம் அது வேலை. ஐந்தாம் மாதம் ஒரு கோட்டை வாசலில் நின்றுகொண்டு "எல்லாக் கோட்டையும் ஒரே கோட்டையாத்தான் தெரியுது" என்று அண்ணன் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

மதினி சொன்னது இன்னும் கூர்மை. "உங்க அண்ணன் தினம் ஒரு ஊரு பாத்தாவ. நான் தினம் ஒரே அடுப்படியத்தான் பாத்தேன்." வண்டி வாழ்க்கையைப் புகழ்ந்து பேசும் ஆண்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இப்போது இதுதான்: சமைப்பது யார்?

சலிப்புக்கு ஒரு கணக்கும் உண்டு. சலித்தால் நகரத் தோன்றும், நகர்ந்தால் டீசல். நாளுக்கு 150 கிலோமீட்டர் ஓட்டினால் மாதம் 4,500. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் என்று வைத்தால் 450 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று போட்டாலே 40,500 ரூபாய். சுங்கச்சாவடி தனி. ஓரிடத்தில் பத்து நாள் நின்று நகர்ந்திருந்தால் செலவு கால்வாசிகூட ஆகியிருக்காது, கண்ணும் அவ்வளவு சீக்கிரம் களைத்திருக்காது. அண்ணன் தவறு வண்டி வாங்கியதில் இல்லை, ஓட்டிக்கொண்டே இருந்ததில்.

வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் இடைச்செருகல்: வேனை வாங்கி இஷ்டத்துக்கு உள்ளே கட்டில் அடிக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு இருக்கிறது. ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் இல்லாமல் மாற்றினால் பின்னால் தலைவலி. அருணாச்சல், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் போக உள்நுழைவு அனுமதிச் சீட்டும் வேண்டும்.

என் பக்கத்துக்கு வருகிறேன். காசியில் ஒன்றரை மாதம் இருந்தேன். முதல் வாரம் சுற்றுலாக்காரன். மூன்றாம் வாரம் டீக்கடைக்காரர் நான் கேட்காமலே சர்க்கரை இல்லாத டீ தந்தார். தங்கினால்தான் ஊர் பேசும் என்பது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் காசிக்குப் போய் மடமே அமைத்துத் தங்கிவிட்டார். கேதார் கட்டத்தில் அந்த மடம் இன்றும் இருக்கிறது. எட்டயபுரத்துப் பாரதி அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் அங்கேதான், அனுமன் கட்டத்தில்.

இதிலும் குறை இருக்கிறது. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றதுதான். அறை சரியில்லாமல் போனால் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். நான் ஒரு முறை இருந்தேன், மூட்டைப்பூச்சியோடு. வண்டியில் என்றால் சாவியைத் திருகிவிட்டுப் போயிருக்கலாம்.

மூன்றாவதாக ஒரு கட்சி இருக்கிறது. என் சிநேகிதர் ஒருவர், நெல்லையை விட்டு நகராதவர். "எங்கிட்டுவே போணும்? அஞ்சு திணையும் இங்கதானவே கெடக்கு" என்பார். பேச்சுக்குச் சொல்வதில்லை. மாஞ்சோலை மலையும் காடும், அம்பாசமுத்திரத்து வயல், உவரிக் கடல், குதிரைமொழித் தேரியின் செம்மணல், எல்லாம் பாளையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள். ஆனி, ஆடியில் குற்றாலம். தை, மாசியில் கூந்தன்குளம். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளை அங்கே சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் ஆள் அவர். காசிக்குப் போக முடியாதவர்கள் கும்பிடத்தான் 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் தென்காசிக் கோயிலைக் கட்டினான் என்பதையும் சாட்சிக்கு இழுப்பார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கங்கையில் ஒரு முறை இறங்கியவனிடம் சிற்றாறு போதும் என்று சொல்ல முடியாது. அவருக்குப் பறவை இருக்கிறது, அதனால் போதுகிறது.

எனக்குப் படுவதும் அதுதான். பறவை, கல்வெட்டு, படம் வரைவது என்று கையில் ஒரு வேலை இருப்பவருக்கு வண்டி பத்து வருடம் சலிக்காது. ஊர் பார்க்க என்று மட்டும் கிளம்புகிறவருக்கு என் கணக்கில் நான்கு மாதம். அவர்கள் வண்டியை விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுக்கட்டும், வீட்டு வாடகைப் பத்திரத்தையும் அவசரப்பட்டு எழுத வேண்டாம். எனக்கோ ரயிலும் அறையும்தான். திரும்பி வரச் சொந்தக் கட்டில் இருந்தால்தான் எனக்கு அடுத்த ஊரின் மேல் ஆசை வருகிறது.

கார்த்திகை முடிந்ததும் அண்ணன் மறுபடி கிளம்புகிறார். இந்த முறை இரண்டே மாதம், குஜராத் மட்டும். மதினியும் போகிறார், ஒரு நிபந்தனையோடு. போன வாரம் போனபோது வேப்பமரத்தடியில் வண்டிக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள்.