இடது கையில் 90, வலது கையில் 148

“கையை நீட்டுங்கக்கா.” இடது கையை நீட்டினேன். மெஷின் 90 என்றது. “லோ பிரஷரா இருக்கே, காலையில சாப்பிட்டீங்களா?” அந்தக் கையில் எனக்கு நாடி கிடைப்பதே அபூர்வம் என்று சொல்லி வலது கையைக் கொடுத்தேன். 148. பிரஷர் பார்த்த பெண் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

எனக்கு இருப்பது டகயாசு என்ற ரத்தக்குழாய் நோய். 1908இல் ஜப்பானியக் கண் டாக்டர் மிகிட்டோ டகயாசு ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலை போல வளைந்திருப்பதைக் கண்டு எழுதியதால் அந்தப் பெயர். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, அதன் கிளைகள் இவற்றின் சுவர் அழற்சியால் தடித்து, உள்ளே பாதை சுருங்கிவிடும். ஜப்பானில் கைக்கும் கழுத்துக்கும் போகும் கிளைகளில்தான் அதிகம். இந்தியாவில் வயிற்றுப் பக்கமும் சிறுநீரகத் தமனிகளும் அதிகம் மாட்டும். எனக்குக் கைப் பக்கமும் வயிற்றுப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம். 2009இல், 26 வயதில், சென்னையில் ஆபரேஷன். அடைப்பைத் தொடாமல், நெஞ்சுப் பகுதித் தமனியிலிருந்து வயிற்றுத் தமனிக்கு டேக்ரான் என்ற செயற்கைத் துணியாலான ஒரு குழாயைத் தைத்தார்கள். ‘பைபாஸ்’ என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அது ஹார்ட் அட்டாக்தான். திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

16 வருடம் ஓடிவிட்டது. நான்கு பிரஷர் மாத்திரை ஒன்றாகிவிட்டது, நடந்தால் கால் கடுப்பதில்லை. ஆனால் குழாய் போட்டதால் நோய் போய்விடாது. தையல் போட்ட இடம் பல வருடம் கழித்தும் பலூன் மாதிரி உப்பலாம். டோக்கியோ மருத்துவர்கள் தாங்கள் ஆபரேஷன் செய்த 106 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2003இல் எழுதினார்கள்: 20 வருடத்தில் ஏறக்குறைய 14 சதவீதம் பேருக்கு அந்த உப்பல், உயிரோடிருந்தவர்கள் 73 சதவீதத்துக்குச் சற்று மேல். அதனால்தான் மதுரைக்கு வந்தால் அழகர்கோவிலுக்கு முன்னால் ஸ்கேன்.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. நான் இருக்கும் டொராண்டோவில் வாரக்கணக்கில் காத்திருப்பேன். இங்கே செவ்வாய் கேட்டேன், சிறுநீரகம் தாங்குமா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிட்டு புதன் காலை 7 மணிக்கு சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய் ஸ்கேன்), சாயங்காலம் வாட்ஸாப்பில் ரிப்போர்ட். ‘கிராஃப்டில் அடைப்பு இல்லை.’ கிராஃப்ட் என்றால் அந்த டேக்ரான் குழாய். அவ்வளவுதான். குழாயைத் தைத்த இணைப்பு எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்று ஒரு வரி கிடையாது. நான் கொண்டுபோன பழைய படத்தை யாரும் கையில்கூட வாங்கவில்லை. “அதெல்லாம் பழசு மேடம்.” பழசோடு ஒப்பிடத்தானே வந்தேன்! எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

மறுநாள் மஞ்சப்பையோடு மறுபடி போனேன். 2009 டிஸ்சார்ஜ் சம்மரி முதல் எல்லாமே அம்மா பீரோவில் வைத்திருந்த அந்தப் பையில்தான் இருக்கிறது. ரேடியாலஜிஸ்டை நேரில் பிடித்தேன். நல்ல மனுஷன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். 2017இல் மேல் இணைப்பு 21 மி.மீ., இப்போது 22. பத்து நிமிஷ வேலை. எழுதியும் கொடுத்தார்.

அப்புறம் மூட்டு, வாத நோய் டாக்டர். அவர்தான் இந்தப் பயணத்திலேயே மனசுக்கு நிறைவு. கணுக்காலில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்தார்; வலது கையைவிடக் கால் அளவு நன்றாகக் குறைந்தால் குழாய் சுருங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டுமாம். அழற்சியைக் காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் தமனிச் சுவரில் அழற்சி இருக்கலாம், அதனால் அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். இருபது நிமிஷம், போனை ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

ஸ்கேன் எடுப்பவர்கள் பிலிமோடு நிறுத்திக்கொள்ளாமல் படங்கள் பதிந்த டிஸ்க்கும் கேட்டு வாங்குங்கள். நானும் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதை மஞ்சப்பையில் போட்டு பீரோவைப் பூட்டிவிட்டாள். “இது இங்கதான் இருக்கணும்.” டொராண்டோவுக்கு ஒரு காப்பி எடுக்க வெள்ளிக்கிழமை மறுபடி போனேன்.