கோடை எஃப்எம் புனேயில் எடுக்குமா? நியூஸ் ஆன் ஏர் செயலி பற்றி

அப்பா தேனியிலிருந்து எங்களோடு இருக்கப் புனேவுக்கு வந்த முதல் வாரம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "இங்க கோடை எஃப்எம் எடுக்குமாப்பா?" கொடைக்கானல் மலைமேல் இருந்து வருவதால் 100.5 நம் பக்கம் பல மாவட்டங்களில் கேட்கும், ஆனால் மகாராஷ்டிரம் வரை எப்படி வரும்? அப்படித்தான், ஆகாசவாணியை நடத்தும் பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலியைப் போனில் இறக்கினேன். பெயரைப் பார்த்து, செய்திக்கான செயலி என்று இத்தனை நாள் தொடாமலே இருந்துவிட்டேன். உள்ளே ஆகாசவாணியின் 200-க்கும் மேற்பட்ட நிலையங்கள், கோடை, சென்னை ரெயின்போ, விவித் பாரதி எல்லாம், காசே இல்லாமல்.

ஒரு வருடமாகக் கேட்கிறோம். பழைய பாட்டு பிடித்தவர்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

காரணம் அறிவிப்பாளர்கள். யூடியூபில் நாம் தேடுவது நமக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டு, அது முடிந்ததும் அதே மாதிரி இன்னொன்று, பத்து நாளில் அதே முப்பது பாட்டுக்குள் சுற்றிக்கொண்டிருப்போம். பாட்டை உள்ளேயே நிரப்பி விற்கும் கார்வான் பெட்டியில் 5,000 பாட்டு இருக்கிறது, உண்மைதான், ஆனால் அதுவும் பேசாது. வானொலியில் படம், இசை, பாடியவர்கள், பாட்டு எழுதியவர் என்று சொல்லிவிட்டுத்தான் போடுகிறார்கள். கண்ணதாசன் என்று அப்பா நாற்பது வருடமாக நம்பியிருந்த ஒரு பாட்டு மருதகாசி எழுதியது என்று ஒரு காலையில் தெரிந்தது. அன்றைக்கு முழுக்க அவர் எங்களிடம் அதையேதான் பேசினார்.

நான் அதிகம் கேட்பது மும்பையிலிருந்து வரும் விவித் பாரதி. 1952-இல் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தபின் ஆகாசவாணி திரைப்பாட்டை ஒதுக்கியது, கேட்பவர்கள் எல்லாரும் இலங்கை வானொலிப் பக்கம் போய்விட்டார்கள், அவர்களைத் திரும்ப இழுக்கத்தான் 1957 அக்டோபர் 3-இல் விவித் பாரதியைத் தொடங்கினார்கள். இரவு 10 மணிக்கு வரும் 'சாயாகீத்' நிகழ்ச்சிக்கு இந்தி அரைகுறையாகத் தெரிந்தால்கூடப் போதும். அறிவிப்பாளரே பாட்டைத் தேர்ந்தெடுத்து, இடையில் தாமே எழுதிய நாலு வரியை மெதுவாக வாசிப்பார். விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள், முகேஷும் கீதா தத்தும் வேறு மாதிரி கேட்கும். காலையில் வரும் 'பூலே பிஸ்ரே கீத்' அதைவிடப் பழைய பாட்டுகளுக்கு.

டேட்டா பற்றிப் பயப்பட வேண்டாம், 64 கேபிபிஎஸ் ஒலி என்றால் மணிக்குச் சுமார் 29 எம்பிதான். ஒன்று மட்டும், இணையத்தில் எந்த நேரலையும் கொஞ்சம் பிந்தித்தான் வரும், அதனால் வானொலி மணி கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்யும் பழக்கத்தை அப்பா விடவேண்டியதாயிற்று. அப்புறம், இது நேரலை வானொலி, நினைத்த பாட்டு நினைத்த நேரத்தில் வராது. கோடையிலும் எந்நேரமும் பழைய பாட்டு இல்லை, புதுசும் பேச்சும் கலந்துதான் வரும்.

இதற்கு முன் வேறு இரண்டு இலவச வானொலிச் செயலிகளைப் போட்டுப் பார்த்தேன், பெயர் வேண்டாம். பாதி நிலையங்கள் திறக்கவே இல்லை, திறந்தவற்றில் நாலு பாட்டுக்கு ஒருமுறை திரை முழுக்க விளம்பரம் வந்து நின்றது. வயதானவர்களிடம் அதைக் கொடுக்கவே முடியாது.

வீட்டில் பெரியவர்களுக்கு வைத்துக்கொடுக்கிறீர்கள் என்றால், சும்மா கிடக்கும் பழைய போன் ஒன்றில் இந்தச் செயலியை மட்டும் போட்டு, வைஃபையும் ஒரு புளூடூத் ஸ்பீக்கரும் இணைத்துவிடுங்கள். அழைப்பு வந்து பாட்டு அறுபடாது. அப்பாவுடையது சமையலறை ஜன்னல் ஓரம் இருக்கிறது, காலை ஐந்தரைக்கு அவரே போட்டுவிடுகிறார்.